கொவிட் தடுப்பூசியும் நமது ஊர்க் கிளினிக்கும்: சில வரலாற்றுக் குறிப்புகள்

கொவிட் தடுப்பூசி அட்டைகள் நமது வீடுகளில் இருந்து மறையத் தொடங்கிவிட்டன. 2021இல் அடையாள அட்டையோடு சேர்த்துப் பத்திரமாகக் கொண்டு திரிந்த அட்டையை இன்றைக்குக் கேட்டால், "எங்கயோ கிடந்திச்சே" என்று அலுமாரியைக் கிளறுகிறார்கள். கொஞ்ச நாளாக நான் எங்கள் ஊரில் போகிற வீடுகளில் எல்லாம் அந்த அட்டையைக் கேட்டுப் பார்த்து வருகிறேன். கல்முனைக் கரையோரத்தில் உள்ள சிறிய ஊர் எங்களுடையது. அட்டையில் எழுதியிருப்பது கொஞ்சம்தான்: ஊசியின் பெயர், தொகுதி இலக்கம், திகதி, வாசிக்க முடியாத ஒரு கையெழுத்து. ஆனால் பல வீட்டு அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது சில விஷயங்கள் தெரிகின்றன. முதலாம் ஊசிக்கு முதல் நாளே வந்தவர்களும் உண்டு, மூன்று நாலு வாரம் தாமதித்து வந்தவர்களும் உண்டு. வந்தவர்களில் அநேகமாக எல்லோரும் இரண்டாவதைத் தவறவிடவில்லை. மூன்றாவதுக்கு, அதாவது பூஸ்டருக்கு, விடப்பட்ட இடம் பல அட்டைகளில் வெறுமையாகக் கிடக்கிறது.

இந்தத் தாமதத்தைப் பற்றிப் பேசும்போது பலரும் ஒரு சுலபமான பாதையில் போய்விடுகிறார்கள். முஸ்லிம்கள் தயங்கினார்கள், காரணம் மார்க்கம், ஹலாலா ஹராமா என்ற குழப்பம், மௌலவிமார் விளங்கப்படுத்திய பிறகு சனம் வந்தது என்று சொல்கிறார்கள். கூட்டங்களில் நம்மவர்களே இப்படிப் பேசியதைக் கேட்டிருக்கிறேன். எங்கள் ஊரைப் பொறுத்தவரை இது சரியான வரலாறு அல்ல என்பது என் அபிப்பிராயம். தயக்கம் இருந்தது உண்மை. அது பிறந்த இடம் பள்ளிவாசல் அல்ல, பொரளை மயானம். அதைக் கரைத்ததில் பெரிய பங்கு, ஏறத்தாழ நூறு வருடமாக இந்த நாட்டில் இயங்கிவரும் பிள்ளை கிளினிக்குக்கு உரியது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பின்னால் போக வேண்டும்.

அம்மை குத்துவது முஸ்லிம் உலகத்துக்கு வெளியில் இருந்து வந்திறங்கிய சாமான் அல்ல. பெரியம்மையையும் சின்னமுத்தையும் வேறு வேறு நோய்கள் என்று பிரித்து நூல் எழுதியவர் அர்ராஸி, பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலமானவர். பெரியம்மைக் கொப்புளத்தின் சீழை ஆரோக்கியமானவரின் தோலைக் கீறி வைக்கும் வழக்கம் உஸ்மானியரின் இஸ்தான்பூலில் பெண்கள் கையில் இருந்த ஒரு தொழில். ஆங்கிலத் தூதுவரின் மனைவி மேரி வோட்லி மொண்டகு 1717இல் அதைக் கண்டு ஊருக்குக் கடிதம் எழுதினார். அடுத்த வருடம் அங்கேயே தன் மகனுக்கும் செய்வித்தார். இங்கிலாந்தில் அந்த முறை பரவியது அதன் பிறகுதான். எட்வர்ட் ஜென்னர் மாட்டம்மைப் பாலைக் கொண்டு பாதுகாப்பான வழியைக் காட்டியது 1796இல்.

ஜென்னரின் பால் நம் பக்கம் வந்த பாதையும் கவனிக்க வேண்டியது. கப்பலில் நேராகக் கொண்டுவர எடுத்த முயற்சிகள் எல்லாம் வழியில் கெட்டுப்போயின. கடைசியில் வியன்னாவில் இருந்து கண்ணாடித் துண்டுகளுக்கு இடையில் உலரவைத்து அனுப்பிய பால் 1802இல் பக்தாதுக்கு வந்து, அங்கே பிள்ளைகளின் கையில் உயிர்பிடித்து, பஸராவுக்குப் போய், பஸராவில் இருந்து கப்பலில் பம்பாய்க்கு வந்தது. 1802 ஜூன் 14இல் பம்பாயில் மூன்று வயதுப் பெண் பிள்ளை ஒன்றுக்குக் குத்தினார்கள். அந்தப் பிள்ளையின் கையில் இருந்துதான் இந்தியா முழுவதற்கும் பால் போனது. இலங்கைக்கும் அதே 1802இல் வந்து சேர்ந்தது. கைக்குக் கை, பிள்ளைக்குப் பிள்ளை என்று கடந்து வந்த மருந்து இது. பக்தாதிலும் பஸராவிலும் கையை நீட்டிய பிள்ளைகளின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆங்கிலேயரின் வைத்திய மேலதிகாரியாக இங்கே இருந்த தோமஸ் கிறிஸ்டி, அம்மைப்பால் வருவதற்கு முன்னர் பெரியம்மை இத்தீவில் செய்த நாசத்தைப் பற்றி 1811இல் ஒரு நூல் வெளியிட்டார். 1886இல் தடுப்பூசிக் கட்டளைச் சட்டம் வந்து அம்மை குத்துவதைக் கட்டாயம் ஆக்கியது. கட்டாயம் என்றால் எப்படியிருக்கும் என்பதை நான் என் உம்மாவின் வாயால் கேட்டிருக்கிறேன். எண்பது வயதைத் தாண்டிய அவவின் இடது கையில் ஒரு சதக் காசு அளவில் தழும்பு இருக்கிறது. "அம்மை குத்துற ஐயா வாறார் எண்டா, மூத்தம்மா எங்களக் கொண்டு நெல்லுக் கூடைக்குப் பின்னால ஒளிச்சிப் போடுவா. அவர் வாசல்ல நிண்டு கூப்பாடு போடுவார். கடசியில வாப்பாதான் புடிச்சிக் குடுப்பாரு." ஆணாக வந்து, அதிகாரத்தோடு நின்று, பெண் பிள்ளையின் கையைப் பிடிக்கிற ஒருவருக்கு முன்னால் நமது வீடுகள் கதவை மூடிக்கொண்டதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

அந்தக் கதவு திறந்தது சட்டத்தால் அல்ல. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. ஒரு குறித்த நிலப்பரப்பு, அதற்கு ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே பரிசோதகர்களும் மருத்துவமாதரும் என்ற அந்த ஒழுங்குதான் நாம் இன்றைக்கும் எம்.ஓ.எச். ஒபீஸ் என்று சொல்வது. அந்த ஒழுங்கின் வழியாக ஒவ்வோர் ஊசியாக வந்து சேர்ந்தது. 1949இல் காசநோய்க்கு பி.சி.ஜி., 1961இல் முக்கூட்டு ஊசி, 1962இல் போலியோச் சொட்டு, 1978இல் எல்லாவற்றையும் ஒன்றாக்கிய விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம். வீட்டுக்கு வந்தவர் இப்போது பெண். கர்ப்பிணிப் பதிவுக்கு வந்தவரே பிறகு பிள்ளையை நிறுத்துப் பார்க்கவும் வருகிறார், ஊசிக்குத் திகதியும் சொல்கிறார். எங்கள் ஊரில் அவரை மிஸ்ஸி என்போம். எத்தனை பேர் மாறினாலும் மிஸ்ஸி மிஸ்ஸிதான். குடும்பத்தில் எந்தப் பெண்ணுக்கு எத்தனை பிள்ளை, எது சுகமில்லாத பிள்ளை என்பது குடும்பத்தாருக்கு அடுத்தபடி அவவுக்குத்தான் தெரியும்.

கிழக்கில் யுத்தம் நடந்த காலத்திலும் இந்த வேலை நிற்கவில்லை. 1995இல் தேசிய போலியோ தினங்கள் தொடங்கியபோது, சொட்டு மருந்து கொடுப்பதற்காக அந்த நாட்களில் சண்டையை நிறுத்துவதற்கு இரண்டு தரப்பும் இணங்கின. அந்தக் காலத்தில் வேறு எதற்கும் அப்படி இணங்கியதை நாங்கள் அதிகம் காணவில்லை. இந்த நாட்டில் கடைசிப் போலியோ நோயாளி கண்டுபிடிக்கப்பட்டது 1993இல். எங்கள் ஊரில் தன் பிள்ளைக்கு ஊசி போட மறுத்த தாயை நான் கண்டதில்லை. ஆசிரியராக இருந்த முப்பது வருடத்தில் பாடசாலை ஊசி நாளில் பயந்து மதில் பாய்ந்த பிள்ளைகளைப் பிடித்திருக்கிறேன். பிள்ளையை அனுப்பமாட்டேன் என்று கடிதம் தந்த வாப்பா ஒருவர்கூட இல்லை. முட்டை சேர்த்து வளர்த்த ஊசிகளும் ஜெலட்டின் கலந்த ஊசிகளும் உலகில் இருக்கின்றன. அவற்றைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

அப்படியிருந்த ஊர், 2021இல் ஏன் ஊசியைப் பார்த்துப் பின்வாங்கியது?

பம்பாயில் கொள்ளைநோய் தொடங்கிய மறு வருடம், 1897இல், இலங்கையில் நோய்த்தடுப்புக் காப்பு மற்றும் நோய் தடுப்புக் கட்டளைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. துறைமுகத்துக்கு வரும் கப்பலை நிறுத்தவும், வீட்டைப் பூட்டவும், ஆட்களைத் தனிமைப்படுத்தவும் அதிகாரம் தருகிற சட்டம். நம் முன்னோர் இப்படியான அதிகாரத்தை ஹஜ் பயணத்திலும் கண்டவர்கள். செங்கடலில் கமரான் தீவில் உஸ்மானியர் 1882இல் அமைத்த தனிமைப்படுத்தல் நிலையத்தில் இந்து சமுத்திரத்தில் இருந்து போன ஹாஜிமார் இறங்கித் தங்கித்தான் ஜித்தாவுக்குப் போக வேண்டியிருந்தது. கஷ்டம்தான், ஆனால் எல்லோருக்கும் ஒரே கஷ்டம். 1897இன் அதே சட்டத்தின் கீழ் 2020 ஏப்ரல் 11இல் வெளிவந்த வர்த்தமானி, கொவிட் தொற்றினால் மரணித்தவர்களின் உடலை எரிக்க வேண்டும் என்று விதித்தது. அதற்கு முன்னர் சுகாதாரத் துறை தந்த வழிகாட்டலில் அடக்கம் செய்யவும் இடம் இருந்தது. மார்ச் 30இல் நீர்கொழும்பில் மரணித்த முஸ்லிம் ஒருவரின் ஜனாஸா அதற்கிடையிலேயே எரிக்கப்பட்டுவிட்டது.

பிறகு நடந்தவை வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். நிலத்தடி நீரில் வைரசு கலக்கும் என்று காரணம் சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனம் அடக்கத்தைத் தடுக்கவில்லை. இந்த நாட்டில் பிறந்து ஹொங்கொங்கில் பணியாற்றும் வைரசு விஞ்ஞானி பேராசிரியர் மலிக் பீரிஸ் அப்படி ஓர் ஆபத்து இல்லை என்றார். சமூக மருத்துவர் கல்லூரியும் இலங்கை மருத்துவ சங்கமும் அடக்குவதால் நோய் பரவும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அறிக்கை விட்டன. அரசாங்கமே நியமித்த பேராசிரியர் ஜெனிபர் பெரேரா தலைமையிலான குழுவும் இரண்டு வழியையும் அனுமதிக்கலாம் என்றது. உயர் நீதிமன்றம் 2020 டிசம்பர் 1இல் மனுக்களை விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செய்தது. அதே மாதம் பிறந்து 20 நாளான சிசு ஒன்று பொரளையில் எரிக்கப்பட்டது. மயானத்தின் வேலிக் கம்பியில் மூவின மக்களும் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். அந்தத் துணிகளையும் ஒரே இரவில் அகற்றினார்கள்.

எங்கள் ஊரில் அப்போது காய்ச்சல் வந்தால் சொல்லப் பயந்தார்கள். நோய்க்குப் பயந்ததைவிட, ஆஸ்பத்திரிக்குப் போனால் மௌத்தாகிவிட்டால் என்ன செய்வார்கள் என்பதற்குப் பயந்தார்கள். பக்கத்து வீட்டுக் காக்கா ஒருவர் மூச்சுத் திணறலோடு நாலு நாள் வீட்டிலேயே கிடந்தார். "எரிக்க மாட்டாங்க எண்டு எழுதித் தரட்டும், வாறன்" என்றார். அவருடைய மகன் வாசலில் நின்று அழுதான். பிசிஆர் எடுக்க வந்த வாகனத்தைக் கண்டு ஒழுங்கைகள் வெறிச்சோடின. எம்.ஓ.எச். ஒபீஸ் என்றால் பிள்ளை கிளினிக் என்று நினைத்திருந்த ஊரில், எம்.ஓ.எச். என்ற எழுத்தே ஜனாஸாவைப் பறிக்கிற எழுத்தாக மாறியது. வரலாற்றில் பதிய வேண்டிய சேதங்களில் இதுவும் ஒன்று என்று நினைக்கிறேன்.

இந்த நிலையில்தான் ஊசி வந்தது. 2021 ஜனவரி 28இல் இந்தியா அன்பளிப்பாகத் தந்த 5 இலட்சம் கொவிஷீல்ட் ஊசிகள் வந்திறங்கின. மறுநாளே போடத் தொடங்கினார்கள். வைத்தியசாலை ஊழியர்களுக்கும் முப்படையினருக்கும் முதலில், பிறகு மேல் மாகாணத்துக்கு. எரிப்புச் சட்டம் அப்போதும் அமுலில் இருந்தது. உம்மா தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு என்னிடம் கேட்டா: "ஏன் மனே, மௌத்தானா எரிக்கிறானுகள், உயிரோட இருந்தா ஊசி குத்துறானுகள். ரெண்டும் ஒரே ஆக்கள்தானே?" இதற்கு என்ன பதில் சொல்வது?

வதந்திகள் அந்தக் கேள்வியின் மேல்தான் வளர்ந்தன. அவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், அதில் ஒரு விசித்திரம் இருப்பதால். ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது என்று எங்கள் ஊர்ப் பெண்களிடையே பேச்சு அடிபட்டது. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் முஸ்லிம் கடை ஒன்றில் கறிக்குள் மலட்டு மாத்திரை கலந்ததாகச் சொல்லிக் கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அரச பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்துவிட்டு அது வெறும் மாக்கட்டி என்றார். 2019இல் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களை மலடாக்கிவிட்டார் என்று பத்திரிகையில் தலைப்பு வந்தது. நம்மைப் பற்றிப் பரப்பிய அதே பொய், இரண்டு வருடத்தில் திரும்பி நம் வீட்டுக்குள்ளேயே நம்மை நம்பவைக்க வந்தது. நம் மீது சொல்லப்பட்டபோது எப்படிப்பட்ட முட்டாள்தனம் என்று சிரித்தவர்களே, ஊசி விஷயத்தில் பாதி நம்பினார்கள். பயந்திருக்கிற சமூகத்துக்குப் பொய்யின் முகம் அடையாளம் தெரிவதில்லைபோலும்.

ஹலால் ஹராம் கேள்வி எழவே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் பக்கத்துக்கு ஊசி வருவதற்கு முன்பே உலகில் அதற்குப் பதில் சொல்லியாகிவிட்டது. 2020 டிசம்பரில் ஐக்கிய அரபு இராச்சியத்தின் பத்வா சபை, பன்றி ஜெலட்டின் இருந்தாலும்கூட வேறு மாற்று இல்லாத நிலையில் கூடும் என்றது. இந்தோனேசிய உலமா சபை 2021 ஜனவரியில் சைனோவக் ஊசியை ஹலால் என்றது. மார்ச்சில் அஸ்ட்ராசெனெகா தயாரிப்பில் பன்றியில் இருந்து எடுத்த நொதியம் பாவிக்கப்பட்டது, எனவே ஹராம், ஆனால் ளரூரத்தை முன்னிட்டுப் போடலாம் என்றது. அந்தக் கம்பனி அப்படி ஒன்றும் இல்லை என மறுத்தது. இங்கும் ஜம்இய்யதுல் உலமா ஊசியைத் தடுக்கவில்லை. எங்கள் பள்ளியில் இதுபற்றி ஒரேயொரு ஜும்ஆவில் பேசினார்கள், பத்து நிமிடம் இருக்கும். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியோடு வந்தவர்கள் குறைவு. சனத்தின் நெஞ்சில் இருந்த கேள்வி வேறு.

அதற்கான பதில் 2021 பெப்ரவரி 25 வர்த்தமானியில் வந்தது. அடக்கத்துக்கு அனுமதி. பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்துபோன மறுநாள். முதலில் இரணைதீவு என்றார்கள். அங்குள்ள மக்கள் எதிர்த்தார்கள், அவர்களுக்கும் நியாயம் இருந்தது. மார்ச் 5இல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. காட்டோரத்து மண், குடும்பத்தில் ஓரிருவர் மட்டும் நிற்க அனுமதி, பெட்டியோடு அடக்கம். ஆனாலும் மண். அந்த வெள்ளிக்கிழமை இரவு உம்மா ஒரு வார்த்தை சொன்னா, நான் அதை டயறியில் எழுதி வைத்திருக்கிறேன்: "இனி ஊசி வந்தா எனக்கும் சொல்லு."

ஊசி வரவில்லை! இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியது. கொவிஷீல்ட் முதலாவதைப் போட்டுக்கொண்டவர்களில் சுமார் 6 இலட்சம் பேர் இரண்டாவது இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். மார்ச் 31இல் சீனா அன்பளிப்பாக அனுப்பிய 6 இலட்சம் சைனோபாம், உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரத்துக்காகக் களஞ்சியத்தில் இருந்தது. மே 8இல்தான் அதை நமது நாட்டவர்களுக்குப் போடத் தொடங்கினார்கள். ஸ்புட்னிக், பைசர், மொடேர்னா, ஜப்பான் தந்த அஸ்ட்ராசெனெகா என்று பிறகு ஒவ்வொன்றாக வந்தன. கொழும்பும் கம்பஹாவும் முன்னால், நாங்கள் பின்னால். எங்கள் ஊருக்கு வந்தபோது ஆண்டின் பாதி கழிந்துவிட்டது. வந்தது சைனோபாம். "சீனாச் சாமான் எத்தின நாளைக்கு நிக்கும்" என்று கடைத்தெருவில் பகிடி விட்டார்கள்.

முதல் இரண்டு நாள் ஊசி போட்ட இடம் நகரத்தில் உள்ள ஒரு மண்டபம். எங்கள் ஊரில் இருந்து போனவர்கள் சொற்பம். வாசலில் சீருடைக்காரர்கள் நின்றார்கள். நாடளாவிய கொவிட் செயலணியின் தலைவரே இராணுவத் தளபதிதான், ஆகவே அது வழமையான காட்சி. ஆனால் 2019 ஏப்ரலுக்குப் பிறகு வீடு வீடாகச் சோதனை கண்ட பெண்கள், அபாயாவோடு அந்த வாசலைத் தாண்ட யோசித்தார்கள். வதந்தியால் வராதவர்களையும் இந்த வாசலால் வராதவர்களையும் ஒரே கணக்கில் சேர்த்துவிட்டு, முஸ்லிம்கள் ஊசிக்கு எதிர் என்று எழுதியவர்கள் இருந்தார்கள்.

மூன்றாவது நாள் எங்கள் பி.எச்.ஐ. பள்ளித் தலைவரைக் காண வந்தார். அவர் தமிழர், எங்கள் ஊரில் பன்னிரண்டு வருடமாக வேலை செய்பவர், டெங்கு காலத்தில் எல்லா வீட்டுத் தண்ணீர்த் தொட்டியையும் எட்டிப் பார்த்தவர். "சேர், மண்டபத்துக்கு வர மாட்டாங்க. கிளினிக்கில வெப்பம்" என்றாராம். அப்படித்தான் பிள்ளை கிளினிக் நடக்கிற அந்தப் பழைய ஓட்டுக் கட்டடத்துக்கே ஊசி வந்தது. முன் அறையில் பெயர் பதிவு, கிராம சேவகர் பிரிவு வாரியாக. நடு அறையில் பிரஷர் பார்த்தல். பின் அறை திரைச்சீலை போட்டுப் பெண்களுக்கு, முன் விறாந்தை ஆண்களுக்கு. பிள்ளைகளை நிறுக்கும் தராசு மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஊசி போட்ட பிறகு இருந்து போவதற்குப் பள்ளியில் இருந்து கதிரை கொண்டுவந்தார்கள். பாங்கு சொல்கிற ஒலிபெருக்கியில் எந்த ஒழுங்கைக்காரர் எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று அறிவித்தார்கள்.

திரைச்சீலைக்குப் பின்னால் நின்றது மிஸ்ஸி. இதுதான் வித்தியாசம். தாய்மார் உள்ளே போய் மிஸ்ஸியின் முகத்தைக் கண்டதும் கேட்ட கேள்வி ஊசியைப் பற்றியே அல்ல. "மிஸ்ஸி, நீங்க போட்டீங்களா?" அவ தன் அட்டையை எடுத்துக் காட்டினா. "நான் பாலூட்டுறன், எனக்குப் போடலாமா?" "எனக்கு சீனி வருத்தம்." "என்ட மகளுக்குப் போன மாசம்தான் கலியாணம், பிள்ள குட்டிக்கு ஒண்டும் ஆகாதே?" கடைசிக் கேள்விக்கு மிஸ்ஸி சொன்ன பதிலை என் மனைவி வந்து சொன்னா: "உங்கட மகளுக்குப் பொறந்தண்டே ஊசி போட்டவ நான். கெட்டது செய்யிறெண்டா அண்டைக்கே செஞ்சிருப்பனே." எத்தனை பத்வாவும் எத்தனை சுவரொட்டியும் இதற்கு ஈடாகும்? அன்றைக்கு மாலை வரைக்கும் வரிசை குறையவில்லை. உம்மாவுக்கு ஊசி போட்டபோது மிஸ்ஸி பழைய தழும்பைத் தடவிப் பார்த்து, "உம்மா இதுக்கு முந்தியே அனுபவசாலி" என்றாவாம்.

ஓகஸ்டில் டெல்டா வந்தது. ஓகஸ்ட் 20 தொடக்கம் ஒக்டோபர் 1 வரை நாடு மூடப்பட்டது. அந்த வாரங்களில் மஜ்மா நகருக்கு வாகனங்கள் இரவு பகலாகப் போயின. அவற்றில் எங்கள் ஊர் ஜனாஸாக்களும் இருந்தன. ஊசி போடாத வயோதிபர்களே அதிகம். மேலே சொன்ன பக்கத்து வீட்டுக் காக்கா 2020இல் நாலு நாள் கிடந்து தப்பியவர், ஊசிக்கு மட்டும் கடைசி வரை வரவில்லை. அவருக்கு அடக்கம் கிடைத்தது, மஜ்மா நகரில். எரிப்பு நடந்த அந்தப் பதினொரு மாதம் எரிக்கப்பட்டவர்களோடு முடியவில்லை என்று நான் சொல்வது இதனால்தான். அடக்க அனுமதி வந்த பிறகும் அந்தப் பயம் சிலரைக் கொண்டுபோனது. அதைக் கணக்கெடுக்க எந்தப் பதிவேட்டிலும் நிரல் இல்லை. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது எரித்ததற்காக மட்டும்தான்.

பூஸ்டரின் கதை வேறு. 2021 நவம்பர் 1இல் சுகாதாரப் பணியாளர்களில் தொடங்கிப் பைசரைப் போட்டார்கள். நாட்டில் முதலாவது ஊசியைப் போட்டவர்கள் சுமார் 17 மில்லியன் பேர், மூன்றாவதைப் போட்டவர்கள் சுமார் 8 மில்லியன் பேர். ஆக, வெறுமையான மூன்றாவது கட்டம் நம்முடைய அட்டைகளுக்கு மட்டும் உரியதல்ல. எங்கள் ஊரில் பூஸ்டருக்கு முந்தி ஓடியவர்கள் யார் என்று பார்த்தால் அதிகம் பேர் மத்திய கிழக்குக்குப் போக இருந்தவர்கள். 2021 ஓகஸ்டில் சவூதி, சைனோபாம் இரண்டு போட்டவர்கள் தான் அங்கீகரித்த நாலு ஊசிகளில் ஒன்றையும் பூஸ்டராகப் போட்டிருந்தால் வரலாம் என்று அறிவித்திருந்தது. ஒரு பொடியன் கடவுச்சீட்டையும் விசாவையும் மிஸ்ஸியின் மேசையில் வைத்து, "மிஸ்ஸி, பைசர் எண்டு விளங்கக்கூடிய மாதிரி எழுதுங்க" என்று கெஞ்சியதைக் கண்டேன். 2022இல் ஹஜ் 10 இலட்சம் பேருக்குத் திறந்தபோதும் தடுப்பூசி நிபந்தனை. அதோடு 65 வயதுக்கு மேல் இல்லை என்றும் விதித்ததால், நிய்யத் வைத்துக்கொண்டு மூன்று ஊசியையும் போட்ட முதியவர்கள் சிலருக்கு அட்டை மட்டும் மிஞ்சியது.

மற்றவர்களுக்கு நோயின் பயம் போய்விட்டிருந்தது. 2022 மார்ச்சில் ஊர் மையவாடிகளிலேயே அடக்க அனுமதி கிடைத்தது. பிறகு காஸ் வரிசை, பெற்றோல் வரிசை, மின்வெட்டு. ஒரு வரிசையில் நிற்கிற நேரத்தில் இன்னொரு வரிசையில் யார் நிற்பார்? மிஸ்ஸி தன் ஸ்கூட்டிக்கு எண்ணெய் இல்லாமல் கிளினிக்குக்கு நடந்து வந்தா.

பைசர் குப்பி ஒன்றில் ஆறு பேருக்கு மருந்து. சேலைன் கலந்துவிட்டால் ஆறு மணித்தியாலத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கொட்ட வேண்டும். ஆகையால் ஆறு பேர் சேராமல் குப்பியைத் திறக்க மாட்டார்கள். 2022 ஏப்ரலில், நோன்பு காலம், உம்மாவின் மூன்றாவது ஊசிக்குக் கூட்டிப் போன அன்று கிளினிக்கில் நாலு பேர்தான். ஊசி நோன்பை முறிக்காது என்று பள்ளியில் அறிவித்திருந்தும் சனம் வரவில்லை. ஒரு மணித்தியாலம் இருந்தோம். மிஸ்ஸி ஒழுங்கையில் இறங்கிப் போய், எதிர்க் கடைக்காரத் தம்பியைக் கையோடு கூட்டி வந்தா. இன்னும் ஒன்று குறைந்தது. பிறகு பி.எச்.ஐ. எங்கேயோ தொலைபேசியில் பேசினார். கொஞ்ச நேரத்தில் நோன்புக் கஞ்சிக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்த பள்ளி முஅத்தின், கை ஈரத்தைச் சாரத்தில் துடைத்தபடி வந்து சேர்ந்தார். மிஸ்ஸி குப்பியைத் திறந்தா.